கரடி கடித்தால் உண்டு, எலி கடித்தால் இல்லை

எங்கள் முகாமில் எலிகள் ஒரு முழு பஸ்ஸைத் தின்றன. டயர் மட்டும் பல்லில் ஒட்டுகிறது என்று துப்பிவிட்டுப் போயின. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். பஸ் இல்லை, வீட்டுவண்டி. அதையும் முழுதாகத் தின்னவில்லை, ஒயர்களை மட்டும் தின்றன. கண்ணால் பார்த்தேன் என்பதும் அப்படித்தான். பார்த்தவள் போட்ட கூச்சலை முதல் ஆளாகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒயரை வைத்துக்கொண்டு நெல்டா ப்ரூயிட் பட்ட பாடு இருக்கிறதே, அதில் நான் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கப் போவதில்லை. சேர்க்க இடமில்லாதபடி இன்சூரன்ஸ்காரர்களே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள்.

நெல்டா நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனியிலும் புயலிலும் மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே தலைமுடி நரைத்தவள். அந்த வேலை அவளுக்கு இரண்டு பழக்கங்களை விட்டுப்போயிருந்தது. ஒன்று, யாரிடம் பேசினாலும் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள்; காலையில் எழுந்ததும் அன்றைய வானிலையையும் அப்படித்தான் முகாமுக்கே அறிவிப்பாள். இன்னொன்று, யார் பேசினாலும் தலைக்கு மேலே கண்ணாடி இருப்பது போல மேலே பார்த்தபடி கேட்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் தாங்களும் மேலே பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று விழிப்பார்கள்.

வீட்டுக்காரர் ராய்ஸ் காலமானதும், ஒஹாயோவில் இருக்கிற மகன் கூப்பிட்டான். வீட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது, வெந்நீர் வரும், வந்து இரு என்றான். நெல்டா போய்ப் பார்த்தாள். அந்த அறையில் ஜன்னல் தோள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதில் தெரிந்தது மகனுடைய காரின் சக்கரம். "சக்கரத்தைப் பார்த்துக்கிட்டுதான் உக்காரணும்னா, என்னோட சொந்தச் சக்கரத்து மேலேயே உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டை விற்றாள். ஒரு பழைய வீட்டுவண்டி வாங்கினாள். முன்பக்கம் வேன் மூஞ்சி. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே கட்டில். பின்னால் அடுப்பு, மேஜை, கழிப்பறை. அதை யாராவது வண்டி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "வீடுன்னு சொல்லு. சக்கரம் இருக்கிற வீடு" என்பாள். வேறு வீடு அவளுக்கு இந்த பூமியில் கிடையாது.

குளிர்காலம் பூராவும் நாங்கள் எல்லாரும் அரிசோனா பாலைவனத்தில் இந்த முகாமில் இருப்போம். ஏப்ரல் முடியும்போது கிளம்பி மலைக்குப் போய்விடுவோம். கிளம்பித்தான் ஆகவேண்டும். மே மாதத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட அடுப்படித் துணி வேண்டும். அதன்பிறகு முகாம்காரர் தண்ணீரை நிறுத்தி, மின்சாரத்தை நிறுத்தி, கேட்டைப் பூட்டிக்கொண்டு தானும் போய்விடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர் கதி அடுப்பில் வைத்த ரொட்டியின் கதிதான்.

இங்கே இருக்கும் எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண எலி இல்லை, பண்டமாற்று எலி. ஒன்றைத் திருடினால் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும். என் வெள்ளி ஸ்பூனை எடுத்துக்கொண்டு கள்ளி முள் உருண்டை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒருமுறை என் பல்செட்டை எடுத்துக்கொண்டு அதைவிட நல்ல பல்செட் ஒன்றை வைத்துவிட்டுப் போனது என்று நான் சொல்வதுண்டு. அதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் இதை நம்புங்கள்: அந்த எலிக்கு இருட்டும் கதகதப்பும் இருந்தால் போதும், கூடு கட்டிவிடும். எஞ்சினைவிட இருட்டும் கதகதப்பும் வேறெங்கே உண்டு? அதனால் பொழுது சாயும்போது எங்கள் முகாமில் எல்லாரும் வண்டியின் பானெட்டைத் தூக்கித் திறந்து வைத்து, அடியில் சின்ன விளக்குச் சரம் ஒன்றை எரியவிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். தூரத்திலிருந்து பார்த்தால் பல் டாக்டருக்கு வாய் திறந்து காத்திருக்கும் நீர்யானைக் கூட்டம் மாதிரி இருக்கும்.

நெல்டா இதில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. திறந்து வைப்பாள், விளக்குப் போடுவாள், புதினா எண்ணெய் தெளிப்பாள், துணி உலர்த்தும் மெஷினில் போடும் வாசனைத் தாளை எஞ்சின் முழுக்கச் செருகி வைப்பாள். எலிக்கு அந்த வாசனை ஆகாது என்று யாரோ சொன்னார்களாம்.

ஆனால் இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஒரு விசித்திரம். காலையில் எழுந்து பார்த்தால் நெல்டாவின் பானெட் மூடியிருக்கும். விளக்கு அணைந்திருக்கும். முதலில் காற்று என்று நினைத்தாள். துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தாள். மறுநாள் பானெட் மூடியிருந்தது. துடைப்பக் கட்டை டயரில் அழகாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"காத்து தொடப்பத்தைச் சாய்ச்சு வைக்குமாடி பியூலா?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"காத்து வைக்காது. எலி வைக்கும்" என்றேன். "எட்டு எலி பானெட் நுனியைப் பிடிச்சுத் தொங்கும். ஒம்பதாவது எலி கீழ நின்னு, ம், விடுங்கன்னு சொல்லும். நான் பார்த்தேன்."

"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு!" என்று போய்விட்டாள். ஆனால் அந்தக் கதை முகாம் முழுக்கப் பரவிவிட்டது. நான் பரப்பினேன் என்று சொல்வார்கள். நான் ஏழெட்டுப் பேரிடம்தான் சொன்னேன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, மலைக்குக் கிளம்ப வேண்டிய வாரம், நெல்டா சாவியைத் திருகினாள். எஞ்சின் அசையவில்லை. கண்ணாடி துடைக்கும் கை இரண்டும் ஆடின. பின்னால் கழிப்பறைக் காற்றாடி சுற்றியது. ஹாரன் அலறியது, நிறுத்தவே முடியவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தவள் போட்ட கூச்சலில் ஹாரன் காதில் விழாமல் போயிற்று. சாயங்கால மங்கலில் தினமும் தூக்கி வைத்தபோது கண்ணில் படாத ஆழத்தில் ஒரு மாளிகையே இருந்தது. கள்ளி முள்ளால் சுவர். அவள் தொலைத்த படிக்கும் கண்ணாடி வாசலில். அவள் செருகி வைத்த வாசனைத் தாள்கள் அத்தனையையும் நார் நாராகக் கிழித்து, மெத்தை போட்டிருந்தது எலி. ஒயர் என்று ஒன்று அங்கே இருந்ததற்கு அடையாளமாகச் செம்பு நூல்கள் மினுக்கிக்கொண்டிருந்தன. முன்னால் மட்டுமில்லை, தரைக்கு அடியில் பின்பக்கம் வரை போகிற ஒயர்க் கட்டையும் கொறித்திருந்தது.

டவுனிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். "மொத்தமா ஒயரை மாத்தணும்மா. இன்சூரன்ஸ் இருக்கா?"

"இருக்கு! ஒரு தவணைகூடத் தவறாமக் கட்டியிருக்கேன்!" என்றாள் நெல்டா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பாவம்.

அன்று மத்தியானம் அவள் என் வண்டி நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டாள். நான் பீன்ஸ் நறுக்கினேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல் சொன்னது, பிறகு பியானோ வாசித்தது, மறுபடியும் முக்கியம் என்றது.

"முக்கியம்னா எடேன்டி!" என்றாள் நெல்டா.

பீன்ஸ் முடிந்து, நான் வெங்காயத்துக்கு வந்தபோது எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண். பெயர் ப்ரின்லியாம்.

"வண்டிக்கு என்ன ஆச்சு மேடம்?"

"வண்டியில்ல, வீடு. எலி ஒயரைத் தின்னுடுச்சு கண்ணு."

"ஐயோ, கேக்கவே ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். ஆனா எலி, அணில், பூச்சி, பறவை, இதெல்லாம் கடிச்சாலோ கொறிச்சாலோ கூடு கட்டினாலோ உங்க பாலிசில வராது."

"அப்ப எது கடிச்சா வரும்?"

விசைப்பலகையில் தட்டுகிற சத்தம். "கரடி வரும் மேடம்."

"என்னது?"

"கரடி கதவைப் பிச்சாலோ, உள்ள பூந்து சீட்டைக் கிழிச்சாலோ முழுசா வரும். மான் மோதினா வரும். மாடும் வரும்."

"இந்தப் பாலைவனத்துல நான் கரடிக்கு எங்கம்மா போவேன்?"

"அதை நாங்க சொல்ல முடியாது மேடம்."

"சரி, மான் மோதாம, சும்மா நின்னு ஒயரைத் தின்னா?"

ப்ரின்லி யோசித்தாள். "அதுக்கு மேல கேட்டுச் சொல்லணும். கொஞ்சம் லைன்ல இருங்க." பியானோ மறுபடியும் ஆரம்பித்தது.

நெல்டா போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய், எங்கள் வேலிக் கம்பத்தை ஒரு உதை உதைத்தாள். வலித்திருக்கும். அதற்கு வேறு என்னைத் திட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் முகாமில் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அன்று யாரும் சரியாகப் பேசவில்லை. முக்கால்வாசிப் பேர் நாளை, நாளை மறுநாள் கிளம்புகிறவர்கள். நெல்டா முன்னால் நாள் கணக்குப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நான் எட்டு எலி கதையை எடுத்தேன். இந்த முறை எலிகளுக்குப் பெயரும் வைத்தேன். ஒன்பதாவது எலிக்கு விசிலும் கொடுத்தேன்.

மேஜைக் கோடியில் வெண்டெல் ஹால்வர்சன் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

வெண்டெல் நெல்டாவின் பக்கத்து இடத்துக்காரர். முகாமுக்கு இந்த வருஷம்தான் புதிது. மினசோட்டாவில் பால் பண்ணைகளைச் சோதிக்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் அளவுக்குப் பெரிய புது டீசல் வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும், முன்னால் தூக்க பானெட்டே கிடையாது. அந்த ஊர்க்காரர்களின் மரியாதை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கார் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சத்தம் போடாமல் போய் அணைத்துவிட்டு வருவார்கள். சொல்லமாட்டார்கள். சொன்னால் மறந்தவருக்குக் கூச்சமாகிவிடுமாம்.

"நெல்டா," என்றார் வெண்டெல். முகம் பீட்ரூட் போல இருந்தது. "எலி மூடல. நான்தான் மூடினேன்."

யாரோ ஒருவர் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு நடை நடப்பேன். உங்க பானெட் திறந்திருக்கும். மறந்துட்டீங்கன்னு நெனச்சு மூடிவிடுவேன். விளக்கையும் அணைச்சிடுவேன். பேட்டரி வீணாகுமேன்னு."

"எத்தனை நாள்யா?" என்றாள் நெல்டா. முதல் தடவையாக மேலே பார்க்காமல், நேராக அவரைப் பார்த்தாள்.

"நீங்க மறந்த நாள் மட்டும்தான்."

"நான் ஒரு நாளும் மறக்கலையே!"

"அப்போ... எல்லா நாளும்."

"இங்க இருக்கிற எல்லாரும் திறந்து வச்சிருக்காங்களே! அது கண்ணுல படலையா உமக்கு?"

"பட்டுது. எல்லாம் பழைய வண்டி, ரிப்பேர்ல இருக்கு போலன்னு நெனச்சேன்." சுற்றிலும் முகங்கள் மாறியதைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார். "எல்லாத்தையும் மூடியிருப்பேன். ஆனா மத்தவங்க எனக்கு அவ்வளவு பழக்கமில்ல."

நெல்டா பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது. வெண்டெல் தலைகுனிந்து முழுவதையும் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தான் கொண்டுவந்த ஹாட்டிஷை, அவர் ஊர் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை, அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு உம்ம கிழங்கும் வேண்டாம், நீரும் வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டுதான் போனாள். கோபத்தில் பசிக்கும் இல்லையா.

மறுநாள் மறுபடியும் போன், மறுபடியும் பியானோ, மறுபடியும் ப்ரின்லி. ஆள் ஒருவர் பானெட்டை மூடினார் என்று நெல்டா சொன்னதும் அந்தப் பெண் குரலில் வெயில் அடித்தது. "அப்படிச் சொல்லுங்க மேடம்! வெளியாள் வேணும்னே பண்ணின நாசம்னா அது வேற பிரிவு. அது வரும்! ஆனா வேணும்னே பண்ணியிருக்கணும். கெட்ட எண்ணம் இருக்கணும். நேர்ல பார்க்க ஆள் அனுப்பறோம்."

நெல்டா போனை வைத்தாள். வெண்டெலின் கதவைத் தட்டினாள். "யோவ், இங்க வாரும். நாளைக்கு ஒரு அம்மா வந்து கேப்பாங்க. என் மேல உமக்குக் கெட்ட எண்ணம்னு சொல்லணும்."

"எனக்கு அப்படி ஒண்ணும்..."

"இல்லன்னா வரவழைச்சுக்கும்! நேத்து அவ்வளவு திட்டினேனே, அதுக்கே வந்திருக்க வேண்டாமா?"

"அது நியாயமான திட்டு" என்றார் வெண்டெல்.

வந்த அம்மாவின் பெயர் இசெலா ஓச்சோவா. அகலமான தொப்பி, கையுறை, பையில் குளிர்ந்த தண்ணீர். எதற்கும் குரல் உயராது. எலி மாளிகையைப் படம் எடுத்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு வெண்டெலிடம் வந்து, "நீங்கதான் மூடினீங்களா? என்ன எண்ணத்துல மூடினீங்க சார்?" என்று கேட்டாள்.

வெண்டெல் வாயைத் திறந்தார். மூடினார். ஓச்சோவா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நெல்டா நின்றுகொண்டு, பல்லைக் கடித்து, முஷ்டியை ஆட்டி, கெட்ட எண்ணம் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினாள்.

"அவங்க... காலையில ரொம்பச் சத்தமா வானிலை சொல்றாங்க" என்றார் வெண்டெல்.

"அது உங்களுக்குத் தொந்தரவா?"

"கொஞ்சம். ஆனா நல்லாத்தான் சொல்றாங்க."

"தொந்தரவு! சொல்லிட்டாரு பாருங்க! எழுதிக்குங்க!" என்று நெல்டா கத்தினாள். ஓச்சோவா அம்மா எழுதிக்கொண்டாள். வெண்டெல் தன் வண்டிக்குள் போய், அன்று பூராவும் வெளியே வரவில்லை. பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டது என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

சனிக்கிழமை நல்ல செய்தி வந்தது. கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது. நெல்டா ஆடினாள், நான் கைதட்டினேன். அப்புறம்தான் ஓச்சோவா அம்மா போனில் மிச்சத்தைச் சொன்னாள்.

"ரிப்பேர் செலவு வண்டியோட மதிப்பைவிட அதிகமாப் போகுதும்மா. அதனால முழு நாசம்னு முடிவாயிடுச்சு. மதிப்புத் தொகை உங்களுக்கு, வண்டி கம்பெனிக்கு. செவ்வாய்க்கிழமை இழுத்துட்டுப் போக லாரி வரும். சாமானெல்லாம் எடுத்து வச்சிடுங்க."

"எங்க எடுத்து வைக்கிறது?" என்றாள் நெல்டா. குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "வைக்கிற இடமே அதுதானேம்மா."

"வண்டியை நீங்களே வச்சுக்கவும் செய்யலாம். ஆனா முழு நாசம்னு பதிவான வண்டிக்கு அப்புறம் யாரும் இன்சூரன்ஸ் தரமாட்டாங்க. இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல இறக்க முடியாது."

"அந்த மதிப்புத் தொகையில என்ன கிடைக்கும்?"

ஓச்சோவா அம்மா தொகையைச் சொன்னாள். நெல்டா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "இதுல என் கழிப்பறையை மட்டும் வாங்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் சேதி ஒஹாயோவுக்கும் போய்விட்டது. மகன் போன் பண்ணி, அடி அறைக்குப் புது கார்ப்பெட் போட்டாயிற்று என்றான். நல்ல பிள்ளைதான். நெல்டா போனை வைத்துவிட்டுத் தன் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, எதுவும் எடுத்து வைக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் கோபம் வந்தது. எலி கடித்தபோது ஒன்றும் தரமாட்டோம் என்றார்கள்; அதில் வீடாவது மிச்சமிருந்தது. மன்றாடி, ஆள் பிடித்து, எண்ணத்தைக் கெடுத்து, கடைசியில் கம்பெனி சரி என்று சொன்னதும் வீடே போகிறது! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்றால், இந்தச் சுவரைக் கட்டினது யார்?

செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. ஓச்சோவா அம்மாவும் வந்தாள். லாரிக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடியில் நுழையப் போனார். நெல்டா ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இறங்குங்கம்மா" என்றார் லாரிக்காரர்.

"நான் என் வீட்டுல உக்காந்திருக்கேன். உம்ம வீட்டுக்குள்ள நான் வந்து இறங்குன்னு சொன்னேனா?"

"அம்மா, நான் வேலைக்காரன். என்னை ஏன்..."

"அப்ப வேலையை நிறுத்திட்டு ஓரமா நில்லும்!"

அவர் உண்மையிலேயே ஓரமாகப் போய் நின்றார். பள்ளிக்கூட பஸ்ஸில் போனவராக இருக்கும். ஓச்சோவா அம்மா ஜன்னல் அருகே போய், "கம்பெனியில கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு நெல்டா. இப்ப நான் என்ன செய்ய முடியும்?" என்றாள், அதே குரலில். எனக்கு அந்தக் குரலைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் வெண்டெல் வந்தார். ஷேவ் பண்ணி, சர்ச்சுக்குப் போகிற சட்டை போட்டிருந்தார்.

"அம்மா, நான் அன்னைக்குச் சொன்னதைத் திருத்தணும்" என்றார். "எனக்கு அவங்க மேல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல. காலையில வானிலை சொல்றது தொந்தரவு இல்ல. அது கேட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே தோணும். பானெட்டை மூடினது நல்ல எண்ணத்துல. தூசி விழக்கூடாதுன்னு. வேணும்னா சத்தியம் பண்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றாள் ஓச்சோவா அம்மா. "நல்ல எண்ணத்துல செஞ்சதுக்கு எங்க பாலிசில இடமே கிடையாது. கெட்ட எண்ணம் இல்லன்னா, மிச்சம் இருக்கிறது எலி. எலின்னா கம்பெனிக்குச் சம்பந்தமில்ல. முழு நாசம்னு எழுதினதும் ரத்து. தொகையும் ரத்து. அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"வீடு?" என்றாள் நெல்டா, ஜன்னல் வழியாக.

"எங்களுக்கு வேண்டாத வண்டி. உங்களுடையது."

நெல்டா யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், ஒரு ஆள் எச்சில் விழுங்கும் நேரம். அங்கே நின்ற எங்களுக்கு எல்லாம் தெரியும். கையில் காசில்லை, எஞ்சினில் ஒயரில்லை, கேட்டைப் பூட்ட இன்னும் கொஞ்ச நாள்தான். முகாம்காரர் அன்று காலைதான் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எலிதான்" என்றாள் நெல்டா. "எலி. எலி. எலி. எட்டு எலி. ஒம்பதாவது எலி விசில் ஊதினதை பியூலா பார்த்திருக்கா. எழுதிக்குங்க."

ஓச்சோவா அம்மா எழுதினாள். முடித்துவிட்டு, தன் பையிலிருந்த குளிர்ந்த தண்ணீரை எடுத்து நெல்டாவிடம் நீட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அது பாலிசியில் இல்லாதது. காலி லாரி தடதடவென்று திரும்பிப் போனது.

"சரி, வீடு இருக்கு" என்றேன் நான். "இதை எப்படிடி மலைக்குக் கொண்டுபோறது? தள்ளிக்கிட்டா?"

வெண்டெல் ஏற்கெனவே தன் டீசல் வண்டியின் பின்னால் குனிந்து, கட்டியிருந்த சின்னக் காரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் வெண்டெலின் பெரிய வண்டி, பின்னால் இழுவைக் கம்பியில் நெல்டாவின் வீடு, அதன் பின்னால் வெண்டெலின் சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் வண்டியில் நான். கள்ளிக்காடு தாண்டி, செம்மண் மேடு தாண்டி, பைன் மரம் தொடங்குகிற வளைவுகளில் ஒரு கழுகு எங்களோடு பந்தயம் வைத்துத் தோற்றுப்போனது. வெண்டெல் ஒரு மாவீரனைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் அந்த வீட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் திருப்பினார். பின்னால் செத்த எஞ்சின் முன் உட்கார்ந்திருந்த நெல்டா, அந்த மனுஷன் செய்த உதவியை நினைத்து, வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள்.

மலை மேலே, பைன் மர நிழலில், இதை இதுவரை எழுதி நெல்டாவுக்குப் படித்துக் காட்டினேன். வெண்டெல் அவள் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் புது ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நெல்டா அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டே கேட்டாள். கடைசி வரியில் டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"அடியே, கழுகை நீ என்ன வேணா பண்ணிக்க. ஆனா முன்னாடி வண்டியை ஓட்டினது நான். மலை வளைவுல என் வீட்டை இழுக்க இவரை விடுவேனா? பின்னாடி என் வீட்டுல உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தது அவரு. அழுததும் அவருதான்."